புள்ளிக்குப் பின்னால்

செல்லம்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள்
அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் வளர்கிறார்கள்.
எட்டு. எட்டரை. ஒன்பது. ஒன்பதரை.
இடையில் ஒருவரும் தங்குவதில்லை.

கலெக்டர் ஆபீஸ் மாடியில்
தொழில்நுட்ப உதவிப் பிரிவு என்று
எங்களுக்கு ஓர் அறை.
அரசுக்குக் கைகொடுக்க வந்தவர்கள் நாங்கள்.
நாற்காலிகள் அரசினுடையவை,
ஒன்றுக்குக் கை கிடையாது.
அதில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன்:
ஆறாயிரத்துச் சொச்சம் எடைகளில்
புள்ளிக்குப் பின்னால்
பூஜ்யம், இல்லாவிட்டால் ஐந்து.
சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.
ராவோடு ராவாகப் பன்னிரண்டு ஸ்லைடு போட்டேன்.
ஆறாவதன் தலைப்பு
"பணியாளர்களின் அளவிடும் திறனில் குறைபாடு."

ஒரே ஒரு எண் மட்டும் உதைத்தது.
கருமாத்தூர் தாண்டி ஒரு மையம்.
யாழிசை, பெண், இருபத்திரண்டு மாதம்,
ஏழு புள்ளி ஏழு.

உசிலம்பட்டி பஸ்ஸில் போய்
விலக்கில் இறங்கி நடந்தேன்.
ஒச்சம்மாள் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.
உதவியாளர் பணியிடம் மூன்று வருசமாகக் காலி;
பாடமும் அவரே, பருப்பும் அவரே.
தராசைக் காட்டச் சொன்னேன்.
உத்தரத்தில் தொங்கியது, கடிகார முகத்தோடு.
கிலோவுக்கு ஒரு தடித்த கோடு,
அரைக்கு ஒன்று.
நடுவே இருந்திருக்க வேண்டிய பொடிக்கோடுகளை
பதினாலு வருசத்து ஈரத்துணி
துடைத்து எடுத்துப் போய்விட்டது.

"இல்லாத கோட்டை எப்பிடி சார் படிக்க?"
கோபமாகக்கூடக் கேட்கவில்லை.
புதுத் தராசு வேண்டி எழுதிய ஒன்பது மனுக்களின் நகல்
முட்டைப் பதிவேட்டுக்குள் மடங்கிக் கிடந்தது.

அப்படியானால் யாழிசை?

"முள்ளு ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவுல நின்னுச்சு.
எட்டுன்னு எழுதுனா மஞ்சக் கட்டத்துல தப்பிச்சுருவா,
ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டாங்க.
ஏழரைன்னு எழுதக் கை வரல.
இடுப்புல தூக்கிட்டு ரோட்டத் தாண்டி
அபுதாகிர் அண்ணன் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.
அங்க கரண்டு தராசு.
சைக்கிள் ரிம்மை எல்லாம் எறக்கிட்டு
துண்டை விரிச்சு உக்கார வெச்சாரு.
துண்டைத் தனியா நிறுத்துக் கழிச்சோம்."

துண்டைக் கழித்திருக்கிறார்கள்.

யாழிசை மூலையில்
காலி ஷாம்பு டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு
ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்து வந்தவள்.
என் செருப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

ஊர் திரும்பி ஆறாம் ஸ்லைடை அழித்தேன்.
பரிந்துரை ஒன்று: தராசு,
மையத்துக்கு ஒன்று வீதம்.
சென்னையில் ஏசி அறையில் தலைவர் படித்துவிட்டுச் சொன்னார்:
"இது கொள்முதல், தம்பி.
நம்ம வேலை தொழில்நுட்பம்."
அந்த இடத்தில் இப்போது
மூன்று நாள் பயிற்சி முகாம் இருக்கிறது,
மதிய உணவோடு.

அடுத்த மாதக் கணக்கு வந்தது.
எட்டு, எட்டரை, ஒன்பது.
கீழே இறங்க இறங்க அதேதான்.
பிறகு திடீரென்று
ஒன்பது புள்ளி இரண்டு, பத்து புள்ளி நாலு,
எட்டு புள்ளி ஒன்பது, பதினொன்று புள்ளி ஆறு.
ஒரே மையம், பதினேழு பிள்ளைகள்.
நாங்கள் எழுதித் தந்த மென்பொருள்
அதன்மேல் சிவப்புக் கொடி நட்டிருந்தது:
வழக்கத்துக்கு மாறான பதிவு, சரிபார்க்கவும்.

போன் போட்டேன்.
பின்னால் லாரி ஹாரன், தகரம் உருளும் சத்தம்,
யாரோ யாரையோ கிள்ளிய அழுகை.
"செத்த இருங்க சார், ரோட்டைத் தாண்டிக்கிறோம்.
டேய், கயித்த விடாதீங்கடா."